காலியாக விடப்பட்ட நாற்காலி: அந்நியப் படைகள் வெளியேறுவது பற்றி

கேள்வி இதுதான்: ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் அந்நியப் படை உடனே வெளியேற வேண்டுமா, அல்லது அந்த நாட்டு அரசு சொந்தக் காலில் நிற்கும்வரை இருந்துவிட்டுப் போக வேண்டுமா? கேட்டவர் ஒரு துணைக் கேள்வியும் வைத்திருக்கிறார். 2021இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானை விட்டுப் போனதால்தானே அங்கே பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோனது?

வெளியேற வேண்டும் என்பதே என் பதில். ஆனால் வெளியேறும் தேதியைப் பற்றி இத்தனை சண்டை நடக்கும்போது, அதைவிடப் பெரிய இரண்டு விஷயங்களை யாரும் கவனிப்பதில்லை. வெளியேறும் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, யாருடையது இல்லை என்பது ஒன்று. படை போன பிறகு சம்பளமும் எரிபொருளும் உதிரிபாகமும் எங்கிருந்து வரும் என்பது இன்னொன்று. இதைச் சொல்ல ஆப்கானிஸ்தானைவிடப் பொருத்தமான நாடு இல்லை. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வல்லரசுகள் அங்கிருந்து வெளியேறியிருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு விதமாக முடிந்தன.

சோவியத் படை 1979 டிசம்பர் இறுதியில் நுழைந்தது. காபூல் அரசு அழைத்ததால் வந்தோம் என்று மாஸ்கோ சொன்னது. அழைத்ததாகச் சொல்லப்பட்ட அரசின் தலைவர் ஹபிசுல்லா அமீனை டிசம்பர் 27 அன்று அவருடைய தாஜ்பெக் மாளிகையிலேயே சோவியத் சிறப்புப் படையினர் தாக்கிக் கொன்றார்கள். அவருக்குப் பதிலாக பாப்ரக் கர்மால் உட்கார வைக்கப்பட்டார். விருந்தாளியே வீட்டுக்காரரைத் தீர்த்துக்கட்டிய இந்த அழைப்பை உலகம் நம்பவில்லை. 1980 ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபை, அந்நியப் படைகள் உடனே வெளியேற வேண்டும் என்று 104 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை 18. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நம் வெளியுறவுக் கொள்கையில் பெருமைப்படத்தக்க நாள் அல்ல.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். சோவியத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். ஆப்கானியர் இழப்பு அதைப்போலப் பல மடங்கு. 1986 பிப்ரவரியில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கட்சி மாநாட்டில் ஆப்கானிஸ்தானை ரத்தம் கசியும் காயம் என்று வர்ணித்தார். அந்த ஆண்டே கர்மால் விலக்கப்பட்டு, உளவுத்துறைத் தலைவராக இருந்த நஜிபுல்லா கொண்டுவரப்பட்டார். 1988 ஏப்ரல் 14 அன்று படை விலகலுக்கான ஜெனிவா ஒப்பந்தம் கையெழுத்தானது. 1989 பிப்ரவரி 15 அன்று தளபதி போரிஸ் குரோமோவ் அமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனார்.

நஜிபுல்லா சில வாரங்கள்கூடத் தாங்க மாட்டார் என்றே எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள். அமெரிக்கா ஜனவரியிலேயே காபூல் தூதரகத்தைப் பூட்டிவிட்டது. மார்ச் மாதம் பாகிஸ்தான் உளவுத்துறையின் ஏற்பாட்டில், சோவியத் படையை எதிர்த்துப் போரிட்டுவந்த முஜாகிதீன் குழுக்கள் ஜலாலாபாத்தின் மீது பெரும் தாக்குதல் தொடுத்தன. நகரம் விழவில்லை. நஜிபுல்லாவின் ராணுவம், சோவியத் சிப்பாய் ஒருவரும் பக்கத்தில் நின்று போரிடாமலேயே, அவர்களைத் திருப்பி அடித்தது. 1990 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் ஷாநவாஸ் தனாய் நடத்திய கிளர்ச்சியையும் அந்த அரசு தாண்டியது. படை போய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது.

எப்படி நின்றது? மாஸ்கோ படையை எடுத்துக்கொண்டு போனதே தவிர வரவு செலவை நிறுத்தவில்லை. கோதுமை, டீசல், வெடிமருந்து, ஸ்கட் ஏவுகணைகள், கொஞ்சம் ஆலோசகர்கள் எல்லாம் விமானத்திலும் லாரியிலும் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பொருளை வைத்து வடக்கில் தோஸ்தும் போன்ற போராளித் தலைவர்களை நஜிபுல்லா தன் பக்கம் வைத்துக்கொண்டார். இன்னொரு காரணமும் உண்டு. அந்நியர் போனதும் எதிரணியின் முக்கியப் பிரச்சாரம் செல்லாக்காசானது. சோவியத் சிப்பாயைச் சுடுவதற்காக ஆயுதம் எடுத்த கிராமத்தான் பலர், ஆப்கானியனைச் சுடுவதில் அத்தனை ஆர்வம் காட்டவில்லை.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்டது. 1992 ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதை நிறுத்துவது என்று வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒப்புக்கொண்டன. பொருள் வரத்து நின்ற சில மாதங்களில் தோஸ்தும் கட்சி மாறினார். ஏப்ரலில் அரசு விழுந்தது. டெல்லிக்குப் பறக்கக் காத்திருந்த விமானத்தை அடைய முடியாமல் நஜிபுல்லா காபூல் ஐ.நா. வளாகத்தில் தஞ்சம் புகுந்தார். 1996 செப்டம்பரில் தாலிபான் அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டுபோய்க் கொன்று, உடலைத் தெருவில் தொங்கவிட்டது. படை விலகியது 1989இல். அரசு வீழ்ந்தது 1992இல். நடுவில் நின்றுபோனது பணம்.

இப்போது 2001இல் நுழைந்த அமெரிக்காவின் கதை. அங்கே வரிசை தலைகீழ். கடைசிப் படைவீரர் விமானம் ஏறியது 2021 ஆகஸ்ட் 30. காபூல் விழுந்தது ஆகஸ்ட் 15. அதாவது, வெளியேற்றம் முடிவதற்கு முன்பே ஆட்சி போய்விட்டது. ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகரான சரஞ்ச் தாலிபான் கைக்குப் போனது. அடுத்த பத்து நாளுக்குள் ஜனாதிபதி அஷ்ரஃப் கனி நாட்டை விட்டே ஓடிவிட்டார். ஆப்கான் படைகளுக்காக அமெரிக்கா செலவிட்டது ஏறத்தாழ 8,800 கோடி டாலர். காகிதத்தில் மூன்று லட்சம் பேர்.

அந்தக் காகிதம்தான் பிரச்சினை. சம்பளப் பட்டியலில் இருந்தவர்களில் கணிசமானோர் இல்லாத ஆட்கள். அவர்கள் பெயரில் வந்த சம்பளம் அதிகாரிகளின் பைக்குப் போனது. இருந்தவர்களுக்கோ மாதக்கணக்கில் சம்பளம் வராமல், சோதனைச் சாவடிகளில் சாப்பாடும் தோட்டாவும் போய்ச் சேராமல் கிடந்தது. அவர்களைக் கோழைகள் என்று சொல்லுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இருபது ஆண்டுகளில் அந்தப் படையும் காவல்துறையும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொடுத்திருக்கின்றன. அமெரிக்க வீரர்களின் இழப்பு சுமார் 2,400.

'இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் தேறியிருப்பார்கள்' என்ற வாதத்தின் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. ஆப்கான் விமானப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பழக்கமானது ரஷ்யாவின் எம்ஐ-17 ஹெலிகாப்டர். பல ஆண்டுகளாக அதைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் அங்கேயே இருந்தார்கள். அமெரிக்கா அதைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டுத் தன் நாட்டு பிளாக் ஹாக்கைக் கொண்டுவந்தது. அதைப் பராமரிக்க அமெரிக்க ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 2021 தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் ஒப்பந்த ஊழியர்கள் மட்டும் ஏறத்தாழ 18,000 பேர் அந்த நாட்டில் இருந்தார்கள், சிப்பாய்கள் 2,500. இந்த ஊழியர்கள் போனால் விமானங்கள் சில மாதங்களுக்கு மேல் பறக்காது என்று மறுசீரமைப்புச் செலவைக் கண்காணித்த அமெரிக்காவின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே எச்சரித்தது. தரையில் இருந்த சாவடிகளோ விமானத்தை நம்பியே வாழ்ந்தவை. உணவு, தோட்டா, காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வது எல்லாமே வானத்தின் வழியாக. இப்படிக் கட்டப்பட்ட ராணுவத்தில், அந்நியர் தங்கிய ஒவ்வோர் ஆண்டும் சார்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

தங்குவதற்கான காரணமும் எப்போதும் கைவசம் இருந்தது. தாக்குதல்கள் கூடினால், இந்த நிலைமையில் விட்டுப் போக முடியாது என்றார்கள். குறைந்தால், கிடைத்த முன்னேற்றம் வீணாகிவிடும் என்றார்கள். 2009 டிசம்பரில் ஒபாமா ஒரே உரையில் 30,000 பேரை அனுப்புவதையும், 2011 ஜூலையில் திரும்ப அழைக்கத் தொடங்குவதையும் அறிவித்தார். 2010-11இல் அமெரிக்கப் படை மட்டும் ஒரு லட்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் ஓடியும் காபூல் அரசின் வேர் ஆழமாகவில்லை. எத்தனை ஆண்டு இருந்தால் போதும் என்ற கணக்கை இன்றுவரை எந்தத் தளபதியும் எழுதிக் காட்டியதில்லை.

இனி கையெழுத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் கையெழுத்திட்டவர்கள் அமெரிக்காவின் சல்மாய் கலீல்சாதும் தாலிபானின் முல்லா அப்துல் கனி பராதரும். ஆப்கான் அரசு அந்த மேசையில் இல்லை. ஆனால் அந்த அரசின் சிறைகளில் இருந்த 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று அதே மேசையில் வாக்குக் கொடுக்கப்பட்டது. நான் அப்படி எந்த உறுதியும் தரவில்லையே என்று மறுநாள் ஜனாதிபதி அஷ்ரஃப் கனி சொல்லிப் பார்த்தார். கடைசியில் விடுவிக்கத்தான் வேண்டியிருந்தது. 14 மாதத்தில் வெளியேறுவோம் என்ற பட்டியலில் படைவீரர்களோடு பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள், தனியார் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்கள், உதவிச் சேவை ஊழியர்கள் எல்லாரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஹெலிகாப்டருக்கு ஸ்பானர் பிடித்த கை அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. இதைப் படித்த மாவட்டத் தளபதிக்கும் கிராமப் பெரியவருக்கும் ஜெயிக்கப்போவது யார் என்று புரிந்துவிட்டது. 2021 கோடையில் பல மாவட்டங்கள் சண்டையில்லாமல், பேச்சுவார்த்தையிலேயே கைமாறின.

பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. 1988 ஜெனிவாவில் ஆப்கான் அரசும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன, இரு வல்லரசுகளும் உத்தரவாதம் அளித்தன. போரிட்டுக்கொண்டிருந்த முஜாகிதீன் அங்கே இல்லை. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆட்சிக்கு வரைபடம் போட்டபோது, தோற்று ஓடிக்கொண்டிருந்த தாலிபான் அழைக்கப்படவில்லை. அவர்களோடு அன்றே பேசாதது தவறு என்று, அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2020 தோஹாவில் காபூல் அரசு இல்லை. மூன்று மேசைகள், மூன்றிலும் ஒரு நாற்காலி காலி. மூன்று முறையும் விடுபட்டவர்களால், அல்லது விடுபட்டவர்களை முன்னிட்டு, அடுத்த ரத்தம் சிந்தியது.

தமிழ் வாசகர்களுக்கு இதை வெகு தூரத்தில் தேட வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்டார்கள். களத்தில் ஆயுதத்தோடு நின்ற விடுதலைப் புலிகள் கையெழுத்திடவில்லை. காக்கப் போன இந்திய அமைதிப்படை மூன்று மாதத்துக்குள் சண்டையில் இறங்கியது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அமைதி என்ற சொல்லை அந்தப் படையின் பெயரில் எவரும் நம்பவில்லை. 1989இல் பிரேமதாச வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் புறப்பட்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். வடகிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற, போகும் அவசரத்தில் இளைஞர்களைப் பிடித்துச் சேர்த்து உருவாக்கிய தமிழ்த் தேசிய ராணுவம், இந்தியப் படை பின்வாங்கப் பின்வாங்கச் சரிந்தது. ஜூன் மாதமே போர் மறுபடி மூண்டது. இன்னும் இரண்டு ஆண்டு இருந்திருந்தால் மாறியிருக்கும் என்று சொல்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். எப்படி மாறியிருக்கும் என்று கேட்டால் விடை வருவதில்லை.

இராக்கைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள்: 2011இல் அமெரிக்கா விலகியதால்தானே ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு வந்தது? முதலில், விலகும் தேதியை முடிவு செய்தது ஒபாமா அல்ல. 2011 டிசம்பர் 31க்குள் முழுதாக வெளியேறுவது என்று 2008 இறுதியில் புஷ் அரசும் இராக் அரசும் கையெழுத்திட்டு, இராக் நாடாளுமன்றமும் நிறைவேற்றிய ஒப்பந்தம் அது. சில ஆயிரம் பேரை வைத்துக்கொள்ளப் பின்னால் நடந்த பேச்சு, அமெரிக்க வீரர்களுக்கு இராக் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்ற நிபந்தனையில் முறிந்தது. 2007இல் பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றதைப் பார்த்த எந்த நாடாளுமன்றம் அதற்குக் கை தூக்கும்?

அமெரிக்காவின் கடைசி வாகன வரிசை குவைத்துக்குள் நுழைந்தது 2011 டிசம்பர் 18. மறுநாளே பிரதமர் நூரி அல்-மாலிகியின் அரசு, சுன்னி பிரிவைச் சேர்ந்த துணை ஜனாதிபதி தாரிக் அல்-ஹாஷிமிக்குக் கைது வாரன்ட் பிறப்பித்தது. அல்-கொய்தாவுக்கு எதிராக அமெரிக்கா திரட்டிய சுன்னி ஆயுதக் குழுவினருக்கு வாக்களித்த அரசு வேலைகள் பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த 50,000 வீரர்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். காபூலில் கேட்ட அதே கதை. இந்த நோய்க்கெல்லாம் விதை 2003 மே மாதம் விழுந்தது. ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரமர் இரண்டு ஆணைகளில் சதாம் உசேனின் பாத் கட்சியினரை வேலையை விட்டுத் துரத்தி, ராணுவத்தையே கலைத்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். துப்பாக்கி சுடத் தெரிந்த பல லட்சம் பேர் ஒரே மாதத்தில் வேலையில்லாமல் தெருவில் நின்றார்கள்.

இராக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 ஜனவரியில், ஈரான் தளபதி காசிம் சுலைமானி பாக்தாத் விமான நிலையத்தருகே அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்ட இரண்டு நாளில், அந்நியப் படைகளை வெளியேற்ற வேண்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. வெளியேற்றினால் பொருளாதாரத் தடை வரும் என்று டிரம்ப் மிரட்டினார். விருந்தாளியா ஆக்கிரமிப்பாளரா என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை: போகச் சொன்னால் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

தங்க வேண்டும் என்பவர்கள் ஜெர்மனியையும் ஜப்பானையும் காட்டுவார்கள். அந்த இரண்டு நாடுகளும் முறையாகச் சரணடைந்தவை. ஜப்பானில் அரசு இயந்திரம் உடையாமல் இருந்தது. ஜெர்மனியில் தொழிலும் திறமையும் பாதி அழிவிலும் மிஞ்சியிருந்தன. மலைக்கு மலை எதிர்ப்புப் போர் எங்கும் நடக்கவில்லை. எனக்கு ஆஸ்திரியா அதிகப் பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என நான்கு படைகள் பத்து ஆண்டுகள் பங்கு போட்டு வைத்திருந்த நாடு. 1955 மே மாதம் நால்வரும் வியன்னாவில் ஆஸ்திரியாவோடு உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் அனைவரும் போனார்கள். ஆஸ்திரியா நடுநிலை நாடாக அறிவித்துக்கொண்டது. அந்த மேசையில் யாரும் விடுபடவில்லை.

வெளியேறு என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாத இடங்களும் உண்டு. கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் பிரிய வாக்களித்தார்கள். அதன் பிறகு இந்தோனேசிய ராணுவமும் அது வளர்த்த கூலிப்படைகளும் போகிற போக்கில் வீடு, பள்ளி, மின்நிலையம் என்று நாட்டின் பெரும்பகுதியைக் கொளுத்தின. செப்டம்பரில் ஆஸ்திரேலியா தலைமையில் ஐ.நா. ஒப்புதலோடு வேறொரு படை போய் நிறுத்தியது. அதுவும் அந்நியப் படைதான். ஆனால் ஐ.நா.வின் நிர்வாகத்துக்கு அங்கே ஒரு முடிவு நாள் இருந்தது; 2002 மே 20 அன்று திமோர் சுதந்திர நாடானது. ஆகவே ஆக்கிரமித்த படையும் இடைக்காலக் காவலும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. வீடு புகுந்தவரையே காவலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் ஊர் எப்படி ஒப்பும்?

துணைக் கேள்வி. பெண் பிள்ளைகளின் பள்ளியை மூடியது தாலிபான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட நான் தயாரில்லை. 2021 செப்டம்பரில் ஏழாம் வகுப்பு முதலான வகுப்புகளுக்கு ஆண் பிள்ளைகளை மட்டும் அழைத்தார்கள். 2022 மார்ச் 23 அன்று மாணவிகள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு மூடப்பட்டது. இருந்தும், அமெரிக்கப் படையின் இருப்பு பெண்கல்விக்குக் காவலாக இருந்தது என்பது பாதி உண்மை. காபூல், ஹெராத், மசார் நகரங்களில் அது உண்மை. ஹெல்மந்த், காந்தஹார் கிராமப்புறங்களில் அந்த இருபது ஆண்டும் வான்தாக்குதலிலும் இரவு நேரச் சோதனைகளிலும் கண்ணிவெடியிலும் கழிந்தது. அங்கே பல இடங்களில் மூடுவதற்குக்கூடப் பெண்கள் பள்ளி இருக்கவில்லை. போர் நின்றதும் அந்தக் கிராமங்களில் தாய்மார்கள் நிம்மதியடைந்ததும் உண்மைதான். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள்.

அமெரிக்காவிடம் இது குறித்துக் கேட்க வேண்டியது வேறு. தோஹா ஒப்பந்தத்தில் பெண்கள் பற்றி ஒரு வரியும் இல்லை. பேரம் பேச எதுவும் கையில் இல்லாத கடைசி நாளில் அல்ல, எல்லாம் கையில் இருந்த 2020 பிப்ரவரியில் அது விடப்பட்டது. பிறகு, அரசுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியில் ஓடிய நாட்டுக்கு அந்த உதவி ஒரே வாரத்தில் நின்றது. நியூயார்க்கில் இருந்த ஆப்கான் மத்திய வங்கியின் 700 கோடி டாலர் முடக்கப்பட்டது. ஆசிரியைகளும் செவிலியர்களும் மாதக்கணக்கில் சம்பளம் காணவில்லை. 1992இல் நஜிபுல்லாவை வீழ்த்திய அதே வெட்டு, இம்முறை தாலிபானை வீழ்த்தவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்கள் சாதாரண மக்கள்.

படிப்பு நின்ற மாணவிகளுக்குப் படை எதுவும் அனுப்பாமலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: விசா. இந்தியா 2021 ஆகஸ்டில், ஏற்கெனவே விசா வாங்கி இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்கள் எல்லாருடைய விசாவையும் ரத்து செய்தது. அவர்களில் நம் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருந்த மாணவ மாணவிகளும் உண்டு. புதிதாக மின்-விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம். பெரும்பாலோருக்கு அது வரவில்லை.